கிரேஸ் என்று இங்கே யாரும் இல்லை

ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, லாட்ஜ் குமாஸ்தாவோடு எனக்குச் சண்டை வந்துவிட்டது.

"இவரு உங்களுக்கு இன்னா வேணும்?"

"மாமனார்."

அவர் என் மாமனார் ஓலாவை அண்ணாந்து பார்த்தார். எழுபத்திரண்டு வயது, ஆறேகால் அடி உயரம், வெயிலில் வெந்து சிவந்த மூக்கு. பிறகு என்னைப் பார்த்தார். கறுப்பு, நூல் புடவை, திருத்தணிப் பக்கத்து முகம். "நம்புற மாதிரி எதுனா சொல்லும்மா. வூட்டுக்காரர் எங்க?"

"நார்வேல. புள்ளைங்களப் பாத்துக்கறாரு."

"ஆம்பள அங்க புள்ளைங்களப் பாத்துகினு கீறாரு. நீ மாமனார இட்டுகினு லாட்ஜுக்கு வந்துகீற."

இரண்டு பாஸ்போர்ட்டையும் மேஜைமேல் வீசினேன். அவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார், வெற்றுப் பக்கங்கள் உட்பட. கடைசியில் இரண்டு மாடிகளில் இரண்டு அறைகள் கொடுத்தார். என்ன சொன்னார் என்று ஓலாவ் கேட்டபோது, "உங்கள் உயரத்தைப் பார்த்து அசந்துபோய்விட்டார்" என்றேன். மொழிபெயர்ப்பாளராக வந்தவளுக்கு இந்த அளவு சுதந்திரம்கூட இல்லையென்றால் எப்படி?

இது தொண்ணூற்றொன்று பிப்ரவரி. நான் பெர்கன் நகரத்தில் பதினான்கு வருஷமாக நர்ஸ். அந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டவள். மாமனாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது அந்த ஊர் வழக்கம். இங்கே நான் ஒவ்வொரு முறை "ஓலாவ்" என்று கூப்பிட்டபோதும் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள்.

ஓலாவ் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்கு ஒரே வேலை, முன்னோர்களைத் தேடுவது. தலையணை கனத்துக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். இரண்டு பனிக்காலம் நானும் அவரோடு ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கிறேன். பழைய சர்ச் பதிவேடுகளைப் படச்சுருளாக வைத்திருக்கிறார்கள். யார் பிறந்தது, யாருக்கு அம்மை குத்தியது, யார் எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்கு வேலை மாறிப்போனது, எல்லாம் இருக்கும். பண்ணைக்கூலி ஒருத்தி கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றால், தகப்பன் யார் என்று பாதிரியார் அவளைக் கேட்டு அந்தப் பெயரையும் எழுதிவிடுவார். பழைய மக்கள்தொகைக் கணக்கில் மாடு மேய்த்தவளுக்கும் பெயர் உண்டு, வயது உண்டு. அப்பா பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறும். ஓலாவின் சொந்தக்காரர்களே அதில் குழம்புவார்கள். இனிஷியல் போட்டு வளர்ந்த எனக்கு அது பால் பாயசம்.

அந்த நோட்டால் ஒரு சண்டையும் நடந்திருக்கிறது. ஓலாவின் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பையனைப் பெற்றுத் தத்துக் கொடுத்தவர். எழுதாதே என்று கெஞ்சினார். இவர் எழுதியதோடு நிற்காமல், அச்சடித்துச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பினார். காப்பகத்துக்கு ஒன்று, வெளிநாடுகளுக்குப் பாதிரிகளை அனுப்பும் மிஷன் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. ஆறு வருஷமாகத் தங்கை இவரோடு பேசுவதில்லை. "விட்டுத் தொலைத்திருக்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கிறவனை இல்லை என்று எழுத எனக்கு உரிமை கிடையாது" என்றார். கெட்ட மனிதர் இல்லை. நேர்மைதான் அவருக்கு வியாதி.

அந்த நோட்டில் ஒரே ஒரு கிளை பாதியில் நின்றது. தாத்தாவின் தம்பி லார்ஸ், கப்பல் தச்சர். நூறு வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸில் கப்பலை விட்டு இறங்கி, ஒரு மிஷனோடு சேர்ந்து, இந்தப் பக்கத்தில் சர்ச்சுக்குக் கூரை போட வந்தார். திரும்பவில்லை. "எனக்கு இங்கே ஒரு மகள். எஸ்தர் என்று பெயர்" என்ற கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்தது. அந்த எஸ்தரின் வம்சத்தைக் கண்டுபிடித்து நோட்டை முடிக்க வேண்டும், அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. இதுதான் நாங்கள் வந்த காரியம்.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து உள்ளே போகவேண்டும், அது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

மறுநாள் காலை வடகறியும் இட்லியும் தின்றுவிட்டு ஓலாவ் கண்ணில் நீர் வழியப் புறப்பட்டார். வளைகுடாச் சண்டையால் பெட்ரோல் தட்டுப்பாடு. டாக்ஸி டிரைவர் காதர் இரண்டு இடத்தில் வரிசையில் நின்று, மூன்றாவது இடத்தில் யாரையோ மாமா என்று கூப்பிட்டு ஐந்து லிட்டர் வாங்கினார். "சதாம் உசேன் அங்க அடிச்சுகினு கீறான், ஸ்ரீபெரும்புதூர்ல நம்ம வண்டி நிக்குது, பாத்தியாம்மா" என்றார். நார்வே கடலுக்கடியிலிருந்து எண்ணெய் எடுக்கும் நாடு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்புறம் வழி நெடுக ஓலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், அவர் பையில் ஒரு கேன் இருக்கும் என்பதுபோல. ரோட்டின் இரண்டு பக்கமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வழியில் புதிதாக எழும்பிய ஒரே ஒரு கம்பெனிச் சுவருக்குப் பின்னால் மாடுகள் மேய்ந்தன.

சர்ச் சின்னது. லார்ஸ் போட்ட தேக்குக் கூரை அப்படியே இருந்தது. ஓலாவ் பெஞ்சில் ஏறி உத்தரத்தைத் தடவிப் பார்த்தார். பாஸ்டருக்கு நாற்பது வயது இருக்கும், சுற்றுப்பக்கம் மூன்று ஊருக்கும் அவர்தான், சைக்கிளில் வந்தார். பீரோவைத் திறந்து பதிவேடுகளை எடுத்து வைத்தார். முனையெல்லாம் கரையான் தின்றிருந்தது.

எஸ்தரை அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டோம். வெள்ளைக்காரப் பாதிரியாரின் அழகான கையெழுத்து. எஸ்தர், பெண் குழந்தை, கடிதம் போன அதே வருஷம். தகப்பன் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு. தாய் பெயர் எழுதும் கட்டத்தில், "சேரிப் பெண் ஒருத்தி."

சில பக்கம் தள்ளி லார்ஸின் அடக்கப் பதிவு. அதே கையெழுத்து. முழுப்பெயர், தகப்பன் பெயர், பண்ணையின் பெயர், தேசம், தொழில், நோய், சாகும்போது சொன்ன வேதவசனம். ஐந்து வரி. அவன் கட்டையில் போகும்போது ஐந்து வரி எழுத மை இருந்தது. அவன் பிள்ளையைப் பெற்றவளுக்கு ஒரு பெயர் எழுத மை இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் நாட்டில் மாட்டுக்காரியின் பிள்ளைக்கும் தகப்பன் பெயரைக் கேட்டு எழுதுகிற கூட்டம், கப்பலேறி இங்கே வந்ததும் கோடு போடக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஓலாவோ குழந்தை மாதிரி குதித்தார். "கிடைத்துவிட்டாள்! கிடைத்துவிட்டாள்!"

"இவளுடைய அம்மாவுக்குப் பெயர் இல்லையா?" என்றேன்.

"பதிவில் இல்லை" என்றார், எழுதிக்கொண்டே. "பதிவில் இல்லாததை நான் என்ன செய்ய?"

எஸ்தருக்கும் யாக்கோபுக்கும் கல்யாணம், அவர்கள் மகன் சாமுவேல் ஞானஸ்நானம், சாமுவேலின் மகள் கிரேஸ் ஞானஸ்நானம், எல்லாம் வரிசையாக வந்தன. கிரேஸ் உயிரோடு இருந்தால் ஐம்பதைத் தாண்டியிருப்பார்.

"இவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று பாஸ்டரைக் கேட்டேன்.

அவர் பதிவேட்டை மூடினார். "அந்தக் குடும்பத்துல யாரும் இப்ப இங்க இல்லம்மா."

"எங்க போனாங்க?"

"தெரியலம்மா."

"உங்க சபைதானே?"

"சிலதத் தோண்டாம விட்டுர்றது நல்லதும்மா."

"நூறு வருஷத்துக்கு முன்னால வெள்ளைக்காரன் பேரு எழுதல. இன்னிக்கு நீங்க பேரு சொல்ல மாட்டேங்கறீங்க. உங்களுக்கும் அவனுக்கும் இன்னா வித்தியாசம்?" கோபம் வந்தால் எனக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிடுகிறது.

பாஸ்டர் பீரோவைப் பூட்டினார். போகும்போது கடையில் ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள், அவர் தயவே வேண்டாம் என்று நாங்களே ஊருக்குள் போனோம். போகிற வழியில் ஏரிக்கரையில் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. அதை முன்னாலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று காதரிடம் கத்தினேன். "நீ கேக்கவே இல்லியேம்மா" என்றார். டயரை உருட்டிக்கொண்டு கூட்ரோட்டுக்குப் போனார். நாங்கள் நடந்தோம்.

டீக்கடையில் கேட்டேன், ரேஷன் கடையில் கேட்டேன். சாமுவேல் மகள் கிரேஸ் என்று யாரையும் ஒருவருக்கும் தெரியவில்லை. "கிரேஸா? இல்லியே." "சாமுவேலு? அப்டி யாரும் இல்லம்மா." முப்பது வீடு இருக்கிற தெருவில் ஒரு ஆளை எப்படித் தெரியாமல் போகும்? பாஸ்டர் முந்திக்கொண்டு சொல்லி வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

தெரு முனையில் ஒரு வாத்தியார் அட்டையில் தாள்களைச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். சென்சஸ். வாலாஜாபாத் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர், சட்டையெல்லாம் வியர்வை. விஷயத்தைச் சொன்னதும் ஓலாவுக்குத் தலைகால் புரியவில்லை. நார்வேயில் செத்துப்போன கணக்கையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், உயிரோடு ஒரு கணக்கெடுப்பைப் பார்த்துவிட்டார். வாத்தியார் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"இந்தத் தெருவுல கிறிஸ்தவக் குடும்பம் எது சார்?" என்று கேட்டேன்.

"இந்தத் தெருவுல கிறிஸ்டினே கிடையாதும்மா. பாதி எழுதிட்டேன். எல்லாம் இந்து, எஸ்.சி."

தெருக்கோடியில் சர்ச் கோபுரம் தெரிகிறது. எதிர்வீட்டுச் சுவரில் இயேசு காலண்டர் தொங்குகிறது. அந்த இடத்தில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்தவர் என்று எழுதினால் எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. சீக்கியருக்கு உண்டு, போன வருஷம் புத்த மதத்துக்கும் கொடுத்தார்கள். நமக்கு இல்லை. ஞானஸ்நானம் வாங்கியதும் சேரி ஊராகிவிட்டதாக டெல்லியில் நினைப்பு. அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர். சர்ச்சில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. சர்ச்சுப் பெயரைத் தெருவில்கூடக் கூப்பிட மாட்டார்கள், வாய் பழகிவிடும் என்று பயம். என் அப்பா மட்டும் முறைத்துக்கொண்டு எல்லாத் தாளிலும் கிறிஸ்தவர் என்றே எழுதினார். டாக்டராகும் மார்க் எனக்கு இருந்தது, எஸ்.சி. இடம் எனக்கு இல்லை. நர்ஸானேன், நாட்டை விட்டே போனேன். அப்பாவை அதற்காக மெச்சுவேன், அதே மூச்சில் திட்டுவேன். வெளிநாட்டுக் குளிரில் இதையெல்லாம் மறந்துவிட்டு, காலையிலிருந்து சர்ச்சுப் பெயரைத் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"போயிடலாம்" என்று ஓலாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வாத்தியார் பின்னால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாசலில் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு அம்மா அரிசி புடைக்கும் முறத்தோடு நின்றிருந்தார். வாத்தியார் கேட்கக் கேட்கச் சொன்னார். பேர்? கன்னியம்மா. அப்பா பேரு? சாமிக்கண்ணு. மதம்? இந்து. ஓலாவ் பையிலிருந்து லார்ஸின் போட்டோவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அதோடு விட்டாரா? விரல் விட்டு எண்ணி, உரக்க, நிதானமாகச் சொன்னார்: "எஸ்தர். சாமுவேல். கிரேஸ்."

பெயர்கள் மட்டும் எந்த மொழியிலும் புரிந்துவிடுகின்றன. அந்த அம்மாவின் கையிலிருந்த முறம் சாய்ந்தபடி அப்படியே நின்றது. அரிசி மட்டும் ஒரு ஓரத்திலிருந்து சரிந்து கொட்டியது.

வாத்தியார் பேனாவை நிறுத்தினார். "கிரேஸா? யாரும்மா அது?"

"கிரேஸுன்னு இங்க யாரும் இல்ல சார்" என்றார் அந்த அம்மா.

"நாங்க வேற ஊர் விசாரிக்கணும் சார்" என்றேன் நான். "இவரு ஊர் மாறி வந்துட்டாரு. வயசாயிடுச்சு."

வாத்தியார் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "நான் இன்னா போலீஸா? சொல்றத எழுதறேன். நாளைக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல உக்காந்து எல்லாத்தையும் சரிபாக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அது சமாதானமா மிரட்டலா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அவர் தெரு திரும்பும் வரை அந்த அம்மா அரிசியைப் பொறுக்கினார். பிறகு தலையைத் தூக்காமல், "தொரைய உள்ள இட்டாம்மா" என்றார்.

உள்ளே ஓலாவுக்குப் பாய் போட்டார். ஓலாவ் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி உட்கார்ந்து, கூரையைப் பார்த்துச் சிரித்தார். அடுப்பங்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று வயதுக்குள்தான். மகள் செல்வி.

"உங்கள யாருக்கா இங்க வரச் சொன்னது?" என்றாள். "அரசாங்கப் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேல, ஆர்டர் வந்துகீது. வர்ற வாரம் தாலுக்கா ஆபீஸ் ஆர்.ஐ. வந்து சர்டிபிகேட்டு விசாரிக்கறாரு. பாஸ்டர் ராத்திரி வந்து சொன்னாரு, ரெண்டு பேரு புஸ்தகத்தத் தூக்கிகினு சுத்தறாங்க, வாயத் தொறக்காதீங்கன்னு. உங்க மாமனாருக்குப் பொழுது போவல. எனக்கு வேல போவும். நீங்க பிளேன் ஏறிடுவீங்க, நான் எங்க போறது?"

அவள் கத்தியது அத்தனையும் நான் என் அப்பாவிடம் கத்தியதுதான். பாஸ்டரிடம் நான் பேசிய பேச்சை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கோபம் மட்டும் தீரவில்லை. அதை யார்மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை.

"சும்மா இருடி" என்றார் அம்மா மகளிடம். என் பக்கம் திரும்பினார். "எங்கள எழுத வாணாம்னு சொல்லும்மா. அவ்ளோதான் கேக்கறேன். ஆயா சொல்லும், எங்க அப்பன் தச்சன், கடல்ல வந்தவன்னு. போட்டோ பாத்தது இன்னிக்குத்தான்."

"ஆயாவப் பெத்தவங்க?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"குப்பம்மா. கோயிலு கட்டசொல்ல மரத்தூள் வாரிகினு இருந்தவங்களாம்."

குப்பம்மா. நூறு வருஷம் கோட்டுக்கும் கரையானுக்கும் அடியில் கிடந்த பெயர், இந்த வீட்டில் சாதாரணமாக வாயில் இருந்திருக்கிறது. எழுதத்தான் முடியாது. குப்பம்மாவை எழுதினால் சொன்னது யார் என்று எழுதவேண்டும், அங்கிருந்து நூல் பிடித்தால் செல்வியின் வேலையில் போய் முடியும். ஓலாவிடம் உண்மையைச் சொல்லி, எழுதாதீர்கள் என்று கெஞ்சலாம். கூடப் பிறந்த தங்கை கெஞ்சினாள், என்ன நடந்தது? அச்சடித்து மிஷனுக்கும் அனுப்பினார். மிஷனிலிருந்து இந்த ஊருக்கு வர எத்தனை நாளாகும்?

"இவர்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று அவரே கேட்டார்.

"தெரியுமாம்" என்றேன். "இந்த அம்மாவின் அப்பா அவர்களுக்குப் பக்கத்து வீடு. காலராவில் சாமுவேல் குடும்பமே போய்விட்டதாம். கிரேஸ் அப்போது கைக்குழந்தை."

ஓலாவ் தொப்பியைக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன. நாற்பது வருஷம் அடுத்தவர் கடிதங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், நான் சொன்னால் நம்புவார். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

இதற்குள் கருவாட்டுக் குழம்பும் சோறும் வந்தன. ஓலாவ் முதல் துண்டைக் கடித்துவிட்டு நிமிர்ந்தார். அவர்கள் ஊரில் கட்டையில் தொங்கவிட்டுக் காயவைக்கிற மீனின் ருசி அதே ருசியாம். நார்வேக்காரனிடம் இதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. பாதிச் சாப்பாட்டில் இடதுகையால் நோட்டைத் திறந்தார். இறந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிறிதாக ஒரு சிலுவை போடுவது அவர் வழக்கம். சாமுவேலுக்கு ஒன்று போட்டார். கிரேஸுக்கு ஒன்று போட்டார். "வாரிசு இல்லை. வாய்மொழித் தகவல்" என்று எழுதி, தேதி போட்டார்.

குழம்புக் கரண்டியோடு அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா எழுதறாரு?"

"நீங்க செத்துட்டீங்கன்னு எழுதறாரு" என்றேன்.

அவர் குனிந்து அந்தச் சிலுவையைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்மா. இன்னும் ரெண்டு துண்டு வெக்கட்டுமான்னு கேளு."

கேட்டேன். ஓலாவ் தட்டை நீட்டினார்.